பத்து வடைத் தட்டும் சீனிப் பிளேன்டியும்: ஒப்பரேஷனுக்குப் பிறகு எடை திரும்புகிறவர்களுக்கு மலையகச் சைவக் கடை எப்படி?

இலங்கை மலையகத்தில் ஹட்டனில் இறங்கினாலும் சரி, தலவாக்கலையிலோ பண்டாரவளையிலோ இறங்கினாலும் சரி, சைவக் கடை ஒரே அச்சுத்தான். வாசலில் கண்ணாடி அலுமாரி, அதற்குள் வடையும் ரோல்ஸும். கல்லாவுக்கு மேலே சாமி படம், ஊதுபத்தி. உள்ளே கை கழுவும் பேசின், மேசையில் லஞ்ச் சீட் விரித்த தட்டு. அதனால் இது ஏதோ ஒரு கடையின் விமர்சனம் அல்ல, அந்த அச்சின் விமர்சனம். பார்க்கும் கண் மட்டும் வேறு. இரைப்பையைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சை செய்து, நன்றாக மெலிந்து, மூன்று நாலு வருடம் கழித்து எடை மறுபடி ஏறத் தொடங்கிய ஒருவர் இந்த மேசையில் உட்கார்ந்தால் எது உதவும், எது கெடுக்கும் என்பதுதான் கேள்வி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எடை ஏறினால் ஊரார் குற்றம் சொல்வது சோற்றை. இந்த விசயத்தில் சோறு பாதி நிரபராதி. எடையைத் திருப்பிக் கொண்டுவருவது சோற்றுக்கு முன்னும் பின்னும் மேசைக்கு வருகிறவை: சீனி போட்ட பிளேன்டி (பாலில்லாத் தேத்தண்ணி), பால் டீ, கேட்காமலே வந்து நிற்கும் வடைத் தட்டு.

சின்ன வயிறு எதைப் பிடிக்கும், எதை விடும்

இந்த ஒப்பரேஷனில் ஒரு வகையான ஸ்லீவ் என்பது இரைப்பையின் வெளிவளைவுப் பக்கத்தில் முக்கால் பங்கு அல்லது அதற்கும் சற்று மேல் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒடுங்கிய குழாயாக விடுவது. இன்னொரு வகையான பைபாஸில் மேலே சுமார் 30 மில்லிலீட்டர் கொள்ளும் ஒரு சிறு பை மட்டும் இருக்கும். அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். இரண்டிலும் ஒரு சங்கதி பொது. கெட்டியான, மென்று விழுங்க வேண்டிய உணவுதான் அந்தச் சின்ன இடத்தில் தங்கி, போதும் என்று சொல்லவைக்கும். தண்ணீராக இருப்பதும் வாயிலேயே கூழாகிவிடுவதும் தங்குவதில்லை. வழுக்கிக்கொண்டு கீழே போய்விடும். சீனி, மாவு, எண்ணெய் மூன்றும் இந்த வழுக்கும் பக்கத்தில்தான் அதிகம் நிற்கின்றன.

முதல் வருடம் இது தெரியாது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹோர்மோனைச் சுரக்கும் பகுதி ஸ்லீவில் வெட்டுப்பட்டுப் போவதால் பசியே குறைவு, கடைப் பக்கம் போகத் தோன்றாது. எடை மிகக் கீழே இறங்குவது பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள். பிறகு கொஞ்சம் ஏறுவது உடலின் இயல்பு. சுவீடனில் 1987 இல் தொடங்கிய நீண்டகால ஆய்வில் பைபாஸ் செய்தவர்கள் முதல் ஒன்றிரண்டு வருடத்தில் சராசரியாக 32 சதவீதம் குறைந்து, 10 ஆம் வருடத்தில் 25 சதவீதக் குறைவில் நின்றார்கள். அந்த அளவு ஏற்றத்துக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. அதற்கு மேல் ஏறுவதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்த மேலதிக ஏற்றத்துக்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. ரொட்டி ஒருமுறை நெஞ்சில் அடைக்கிறது. இறைச்சி ஒருமுறை வாந்தியாகிறது. பயந்து மெதுவான சாப்பாட்டுக்கு மாறுகிறார்கள்: இட்லி, தேத்தண்ணியில் தோய்த்த பிஸ்கட், பாலில் ஊறவைத்த பாண். ஒப்பரேஷன் முடிந்த முதல் மாதத்துக்குக் கொடுத்த பதம் நாலாம் வருடமும் தொடர்கிறது. அடைப்பு நின்றுவிட்டது என்று நிம்மதி, தராசு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சைவக் கடையின் பட்டியலில் பாதிக்கு மேல் இந்த மெதுவான ரகம் என்பதால்தான் இந்த மதிப்பீடே தேவைப்படுகிறது.

பிளேன்டி: ருசிக்கு ஐந்து, கணக்குக்குப் பூச்சியம்

சாயம் சிவந்து, மேலே நுரை கட்டி, கிளாசைத் தொட முடியாத சூட்டில் வரும் மலையகத்துப் பிளேன்டியைக் குறை சொல்ல நாக்கு வராது. குறை கிளாசின் அடியில் இருக்கிறது. கடைக்காரர் போடுவது தட்டையான தேக்கரண்டி அல்ல, குவித்தது. ஒன்றுக்கு 7, 8 கிராம் சீனி வரும். இரண்டு கரண்டி என்றால் 16 கிராம், சுமார் 64 கலோரி. ஒரு கிளாசைப் பார்த்தால் அற்பம். ஆனால் இந்தக் குளிரில் ஒரு நாளைக்கு ஐந்து கிளாஸ் என்பது யாருக்கும் புதினமில்லை. ஐந்து கிளாஸ் 320 கலோரி. சாப்பாட்டுக்கு மேலதிகமாக இது தினமும் சேர்ந்தால், கடதாசிக் கணக்கில் மாதம் ஒரு கிலோவைத் தாண்டும். உடல் அவ்வளவு நேர்கோட்டில் கணக்குப் போடாது, ஆனாலும் திசை அதுதான். இவ்வளவும் வயிற்றில் ஒரு நிமிடம் கூட இடம் பிடிக்காமல் உள்ளே போயிருக்கும்.

கடையின் குளிர்சாதனப் பெட்டியில் நிற்கும் சோடாப் போத்தலைப் பாருங்கள். 2016 ஆகஸ்டிலிருந்து இலங்கையில் மென்பானப் போத்தல்களுக்கு நிறக் குறி கட்டாயம். 100 மில்லிலீட்டரில் 11 கிராமுக்கு மேல் சீனி என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் குறைந்தால் பச்சை. 150 மில்லிலீட்டர் பிளேன்டியில் 16 கிராம் சீனி என்பது 100 க்கு 10 கிராமுக்கு மேல். கரண்டி இன்னும் கொஞ்சம் குவிந்தால் சிவப்பு. போத்தலில் சிவப்பைக் கண்டு கையை இழுத்துக்கொள்கிறவர் கிளாசுக்குக் கை நீட்டுகிறார், கிளாசுக்கு யாரும் நிறம் பூசவில்லையே. பச்சைக் குறி போட்ட சோடாவும் தீர்வல்ல. வாயு அந்தச் சின்னப் பையை உப்பவைத்து நோகடிக்கும்.

பால் டீ இன்னொரு கணக்கு. முழு ஆடைப் பால்மா 100 கிராமில் சுமார் 500 கலோரி. குவித்த மேசைக்கரண்டி ஒன்றில் 55, 60 கலோரி, அதில் புரதம் 3 கிராமுக்குள். டின் பால் ஊற்றுகிற கடையாக இருந்தால் அந்தப் பாலில் பாதிக்கு மேல் சீனியே. மோல்ட் பானம் கேட்கிறவர்கள் அதைச் சத்து என்று நினைத்துக் கேட்கிறார்கள். பால்மா, மோல்ட் மா, மேலே சீனி, மூன்றும் சேர்ந்து 200 கலோரியைச் சாதாரணமாகத் தாண்டும். அதை ஒரு சாப்பாடாக எண்ணி அடுத்ததைக் குறைப்பவர் யாருமில்லை.

கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு சீனியில்லாத் தேத்தண்ணி குடிப்பது பழைய வழக்கம். உள்ளங்கையில் சீனி வைத்து நக்கிக் குடிப்பதும் உண்டு. இதில் ஒரு நன்மை, எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியும். கித்துல் கருப்பட்டி சீனியைவிட நல்லது என்ற பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். எடைக் கணக்கில் இரண்டும் அண்ணன் தம்பி.

பைபாஸ் செய்தவர்களுக்கு (ஸ்லீவ்காரர்களுக்கும் சில வேளை) இன்னொரு சிக்கல். வெறும் வயிற்றில் சீனிப் பிளேன்டி போனால் சீனி சிறுகுடலில் ஒரேயடியாக இறங்கும், இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரக்கும், ஒன்று முதல் மூன்று மணித்தியாலத்துக்குள் இரத்தச் சீனி சடாரென்று விழும். கை நடுங்கும், நுவரெலியாக் குளிரிலும் நெற்றி வியர்க்கும், அடங்காப் பசி எடுக்கும். கடையில் இதற்குக் கொடுக்கும் வைத்தியம் இன்னொரு சீனிப் பிளேன்டி. காலை ஏழு மணிக்கு ஒன்று, ஒன்பதுக்கு நடுக்கம், ஒன்பதரைக்கு இன்னொன்று, பன்னிரண்டுக்கு மறுபடி. இந்தச் சங்கிலியில் மாட்டியவர் தன் பசியைத் தன் மனப்பலவீனம் என்று நினைத்துக்கொண்டிருப்பார். குளுக்கோமீட்டரில் 70 க்குக் கீழ் காட்டினால் 10, 15 கிராம் சீனி ஒரே ஒரு முறை எடுத்து, நடுக்கம் நின்றதும் முட்டை, கடலை போலப் புரதம் சாப்பிட வேண்டும். பிறகு கிளினிக்கில் சொல்ல வேண்டும், அதுவும் இன்சுலின் அல்லது சீனிக் குளிசை எடுக்கிறவர் உடனே சொல்ல வேண்டும்.

கடையில் சீனியில்லாமல் கேட்பது கஷ்டமில்லை, ஒரு சின்ன விசாரணை மட்டும் நடக்கும்.

"தம்பி, சீனி போடாம ஒரு இஞ்சிப் பிளேன்டி."

"சீனி வருத்தமா அக்கா?"

ஆமாம் என்றுவிடுங்கள், விளக்கம் மிச்சம். ஆனால் ஊற்றும்போது பார்க்க வேண்டும். நெரிசல் நேரத்தில் ஏற்கெனவே சீனி போட்டு வரிசையாக வைத்த கிளாஸ்களில்தான் சாயத்தை ஊற்றுவார்கள், கை பழக்கத்தில் உங்களுடையதும் அதில் ஒன்றாகிவிடும். சீனியில்லா இஞ்சிப் பிளேன்டி, கொத்தமல்லித் தண்ணி இரண்டும் இந்தக் கடைகளின் ஆகச் சிறந்த சரக்கு. சூடு கிடைக்கும், கலோரி இல்லை. ஐந்துக்கு ஐந்து. தேத்தண்ணி என்றால் சாப்பாட்டுக்கும் இரும்புச்சத்துக் குளிசைக்கும் ஒரு மணித்தியாலமாவது தள்ளிக் குடிக்க வேண்டும். சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், பைபாஸ் செய்தவருக்கு இரும்பு ஏறுவதே ஏற்கெனவே குறைவு. இரத்தம் குறைந்தால் களைப்பு, களைப்பென்றால் ஏற்றத்தில் நடப்பது நிற்கும், உட்கார்ந்த இடத்தில் இன்னொரு கிளாஸ்.

கேட்காமல் வரும் தட்டு

உட்கார்ந்து தேத்தண்ணி சொன்ன மறு நிமிடம், பத்துப் பன்னிரண்டு பண்டம் அடுக்கிய தட்டு ஒன்று மேசை நடுவில் வந்து இறங்கும். பருப்பு வடை நாலு, உளுந்து வடை மூன்று, ரோல்ஸ் இரண்டு, ஓரமாக ஒரு பணிஸ். எடுத்ததுக்கு மட்டும் காசு. எழுந்திருக்கும்போது தட்டில் குறைந்ததைப் பார்த்துப் பையன் சத்தமாகக் கணக்குச் சொல்வான். வியாபாரத்துக்கு அருமையான ஏற்பாடு, சின்ன வயிற்றுக்காரருக்கு இதைவிட மோசமான ஏற்பாடு கிடையாது.

காரணம் அளவு. ஒரு வேளைச் சோறு சாப்பிட்டால் வயிறு நிறைந்த இடத்தில் நின்றுவிடும். தட்டில் இருந்து கால் வடை, ஒரு வாய் தேத்தண்ணி, பேச்சு, இன்னொரு கால் வடை என்று போனால் நிறையும் நேரமே வராது. மென்ற வடையைத் தேத்தண்ணி கழுவிக் கீழே அனுப்பும், இடம் காலியாகும், கை தானாக நீளும். பருப்பு வடை ஒன்று 35 முதல் 45 கிராம், 110 முதல் 140 கலோரி, புரதம் 5 கிராம் அளவில். மரக்கறி ரோல்ஸ் ஒன்று 200 ஐத் தாண்டும், உள்ளே உருளைக்கிழங்கும் மாவும்தான். மூன்று வடை, ஒரு ரோல்ஸ், இரண்டு சீனிப் பிளேன்டி: அரை மணித்தியாலத்தில் 700 கலோரி. கேட்டால் "பகல் ஒண்ணும் சாப்பிடல்ல" என்பார், அது பொய்யும் இல்லை.

வடையைத் தள்ளிவைக்கச் சொல்லவில்லை. பருப்பு வடையில் பருப்பு இருக்கிறது, ஓரம் மொறுமொறுவென்று மெல்ல வைக்கிறது, கண்ணாடி அலுமாரிக்குள் அதுவே மேல். நேரம் பார்த்து எடுக்க வேண்டும். காலையில் சுட்டு மாலையில் மறுபடி எண்ணெயில் போட்ட வடை இரண்டாம் முறையும் எண்ணெய் குடித்திருக்கும். கடதாசித் துண்டில் வைத்து மெல்ல அழுத்துங்கள். வடையின் அளவுக்கு மட்டும் கறை விழுந்தால் சரி. வடையைச் சுற்றி அகலமாகக் கண்ணாடி போல ஊறினால் அது இரண்டாம் எண்ணெய். உளுந்து வடை பஞ்சு போல மெதுவானது என்பதாலேயே நமக்கு இரண்டாமிடம்.

செய்ய வேண்டியது ஒன்றுதான். உட்காரும் முன்பே சொல்லிவிடுவது: "தட்டு வேணாம் தம்பி, ஒரு பருப்பு வடை மட்டும் கொண்டு வாங்க." வடை முடிந்து அரை மணித்தியாலம் கழித்துத் தேத்தண்ணி. அரை மணித்தியாலம் உட்கார விட மாட்டார்கள் என்றால் தேத்தண்ணியை முதலில் குடித்துவிட்டு, சும்மா கொஞ்சம் பேசிவிட்டு, பிறகு வடை. நண்பர்கள் தட்டுக் கேட்டால் தட்டு அவர்கள் பக்க ஓரத்துக்குப் போகட்டும்.

கடலை, அதன் பதம்

சைவக் கடையிலும் அதன் வாசலில் நிற்கும் வண்டியிலும் நமக்கு மெய்யாகவே உதவும் பண்டம் தாளித்த கொண்டைக் கடலை. அவித்த கடலை 100 கிராமில் புரதம் 9 கிராமளவு, நார் 7 கிராமுக்கு மேல், கலோரி 165 அளவில். தேங்காய்ச் சொட்டும் தாளித்த எண்ணெயும் சேர்ந்தால் 200 க்கு மேல் போகும். மெல்ல நேரம் எடுக்கும், வயிற்றில் தங்கும், மூன்று மணித்தியாலத்துக்குப் பசி அண்டாது. பழைய கொப்பித் தாளில் சுருட்டித் தரும் ஒரு சுருள் இந்த வயிற்றுக்கு ஒரு வேளைக்குப் போதும். எண்ணெய் வழிந்தால் மேலாக அள்ளச் சொல்லுங்கள், சட்டியின் அடியில்தான் எண்ணெய் நிற்கும்.

ஆனால் மலையகத்தில் கடலைக்கு ஒரு பிரச்சினை உண்டு, அது உயரம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர். அங்கே தண்ணீர் 100 பாகையில் அல்ல, ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் அதைவிட ஓரிரு பாகை கூடுதல். எவ்வளவு கொதித்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது. திறந்த சட்டியில் கொழும்புக் கணக்குக்கு அவித்த கடலை தோல் வெடித்திருக்கும், நடுவில் மண் போல நெறுநெறுக்கும். நல்ல வயிறு அதைச் சமாளிக்கும், ஸ்லீவ் சமாளிக்காது. நெஞ்சில் கல் வைத்தது போல அழுத்தி, உமிழ்நீர் ஊறி, கடைசியில் வெளியே வரும். அன்றோடு "கடலை எனக்குச் சரிவராது" என்று முடிவுகட்டி இட்லிக்குப் போவார்கள். கடலையில் தப்பில்லை, பதத்தில்தான் தப்பு.

வாங்கும் முன் ஒரு கடலையைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் பாருங்கள். முழுதும் களியாக நசிய வேண்டும். நடுவில் குருணையாக ஏதாவது தட்டுப்பட்டால் வேண்டாம். பிரஷர் குக்கரில் அவிக்கும் கடை எது என்று இப்படித்தான் தெரியும். வீட்டில் என்றால் எட்டு மணித்தியாலமாவது ஊறவைத்து, ஊறும் தண்ணீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா போட்டு, தண்ணீரை மாற்றிக் குக்கரில் வைத்தால் தோலும் மெதுவாகும். ஒரு வாய்க்கு மூன்று நாலு கடலை, வாய்க்கு இருபது மெல்லு. விக்கல், மூக்கில் தண்ணீர், தும்மல் என்று எது வந்தாலும் அது நிறைந்துவிட்டதன் அறிகுறி, மேலே ஒரு கடலையும் வேண்டாம்.

பகல் சாப்பாடும் மற்றவையும்

சைவக் கடைச் சாப்பாடு என்றால் 300, 400 கிராம் சோறு, நாலு கறி, அப்பளம், கேட்டால் மறுபடியும். வருடங்கள் கழிந்த சின்ன வயிற்றுக்கு ஒரு வேளை அளவு எல்லாம் சேர்த்து ஒரு கோப்பை, மிஞ்சினால் ஒன்றரை. ஆகவே முக்கால்வாசிச் சோறு மிஞ்சும். மிஞ்சியதைப் பார்சல் கட்டி எடுத்துப் போகாதீர்கள். மூன்று மணிக்கு இரண்டு வாய், நாலரைக்கு இரண்டு வாய் என்று அது வடைத் தட்டின் வேலையைச் செய்யும். "சோறு கால்வாசி போடுங்க, பருப்பு கெட்டியா வேணும்" என்று முதலிலேயே சொன்னால் போடுவார்கள். பருப்பு வாளியின் மேல் தண்ணீருக்கும் அடிக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. அடியிலிருந்து அள்ளிய கெட்டிப் பருப்பு 100 கிராமில் 7, 8 கிராம் புரதம் உண்டு, மேலே உள்ளதில் மஞ்சளும் உப்பும்தான். சோயா மீட் கறி இருக்கும் நாள் நல்ல நாள்: உலர்ந்த சோயாவில் பாதிக்குப் பாதி புரதம், ஊறுவதற்கு முன் 20, 24 கிராம் இருந்த சோயாவில் 10, 12 கிராம் கிடைக்கும். முதலில் சோயா, பருப்பு, பிறகு கோவா, கரட், போஞ்சி, கடைசியில் இடமிருந்தால் சோறு. ரசத்தைச் சோற்றில் ஊற்றாமல் கிளாசில் வாங்கி அரை மணித்தியாலம் கழித்துக் குடிக்கலாம்.

இட்லி நோயாளிச் சாப்பாடு என்ற மரியாதை இங்கே செல்லாது. ஒன்றில் புரதம் 2 கிராம்தான், சாம்பாரில் ஊறியதும் வழுக்கிவிடும். இடியப்பமும் சொதியும் அதே ரகம், சொதி தேங்காய்ப்பால் வேறு. தோசை, முறுகலாக, எண்ணெய் குறைத்து, ஒன்று: பரவாயில்லை. தயிர் நல்லது, மேலே ஊற்றும் கித்துல் பாணி இல்லாமல்.

நேர்மையாகச் சொன்னால், ஒரு நாளைக்கு வேண்டிய 60 முதல் 80 கிராம் புரதத்தைச் சைவக் கடை மட்டும் தராது. கடலை, கெட்டிப் பருப்பு, தயிர் மூன்றும் 100 கிராம் வீதம் சாப்பிட்டாலும் 20 கிராம்தான், அதுவும் ஒரே வேளையில் உள்ளே போகாது. சைவம் கட்டாயமில்லாதவர் மாலையில் பக்கத்துக் கடை அப்பச் சட்டிக்குப் போகலாம். ஒரு அப்பத்தில் இரண்டு முட்டை உடைத்து ஊற்றச் சொன்னால் 14 கிராம். வீட்டில் டின் மீன், நெத்தலிக் கருவாடு, அவித்த முட்டை. சுத்த சைவக்காரர் பி12 ஊசியையோ குளிசையையோ எக்காரணம் கொண்டும் நிறுத்தக் கூடாது.

சேவை

பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையில் போகாதீர்கள். மேசைக்குப் பின்னால் அடுத்தவர் நின்று உங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருப்பார். இருபது முப்பது நிமிடம் மென்று சாப்பிட வேண்டியவர் அந்தப் பார்வையில் ஏழு நிமிடத்தில் முடித்து அடைப்பை வாங்கிக்கொள்வார். பதினொன்றரை, இல்லையென்றால் இரண்டேகால். பேசினுக்குப் பக்கத்து மேசை அழகில்லை, ஆனால் அவசரத்துக்கு உதவும். கொழும்புக் கிளினிக்குக்கு ஏ7 வீதியால் போகிறவர் பஸ் ஏறுவதற்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வேண்டாம். கினிகத்தேனையிலிருந்து கித்துல்கல வரைக்குமான வளைவுகள் ஒப்பரேஷன் செய்யாதவர் வயிற்றையே கலக்கும்.

கடையைக் குற்றம் சொல்ல முடியாத இடங்கள்

சீனியை நிறுத்தி, தட்டை நிறுத்தி, இரண்டு மாதம் வாரத்துக்கொரு முறை ஒரே தராசில், ஒரே நேரத்தில் நிறுத்துப் பார்த்தும் எடை ஏறிக்கொண்டே போனால் காரணம் மேசையில் இல்லை. ஆகக் குறைந்த எடையிலிருந்து 10 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் காத்திருக்காமல் சத்திரசிகிச்சை செய்த பிரிவுக்கே போக வேண்டும். முன்பு அரைக் கோப்பையில் நின்றவர் திடீரென்று முழுத் தட்டுச் சோறும் சாப்பிட முடிகிறதென்றால் பை அல்லது இணைப்பு வாய் விரிந்திருக்கலாம். பைபாஸில் பழைய இரைப்பைக்கும் பைக்கும் இடையில் துளை விழுந்திருக்கலாம். எண்டொஸ்கொப்பியிலும் பேரியம் படத்திலும் அது தெரியும். மறுபக்கம், கெட்டியானது எதுவுமே இறங்கவில்லை என்றால் குழாய் ஒடுங்கியிருக்கலாம். அதற்கும் அதே பரிசோதனை, இட்லி மருந்தல்ல. தைரொயிட், ஸ்டீரொயிட் குளிசை, இன்சுலின், கிளிபென்கிளமைட், நரம்புக்கும் மனதுக்கும் கொடுக்கும் சில மருந்துகள் எல்லாம் எடையை ஏற்றும். தானாக நிறுத்தாமல், எடுக்கும் குளிசை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுவதே வழி. கூடவே ஒப்பரேஷன் அன்றைய எடை, ஆகக் குறைந்த எடை, இன்றைய எடை என்று மூன்றையும் திகதியோடு எழுதிக்கொண்டு போனால் டொக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

மருந்தும் இப்போது உண்டு. ஒப்பரேஷனுக்குப் பிறகு எடை போதுமான அளவு குறையாதவர்களுக்கு லிராகுளூடைட் ஊசி 3 மில்லிகிராம் கொடுத்துப் பிரிட்டனில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், 24 வாரத்தில் சராசரி எடைக்குறைவு 8.8 சதவீதம். மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களுக்கு 0.5. ஸ்லீவைப் பைபாஸாக மாற்றும் மறு ஒப்பரேஷனும் செய்கிறார்கள். இரண்டையும் தீர்மானிப்பது டொக்டர். ஊசி போட்டுக்கொண்டே சீனிப் பிளேன்டி குடித்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு, மேலே எழுதிய கணக்கை மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

மொத்தத்தில் மலையகச் சைவக் கடைக்கு இந்தக் கண்ணோட்டத்தில் ஐந்துக்கு இரண்டரை. இஞ்சிப் பிளேன்டிக்கும் கடலைக்கும் இரண்டு, கேட்டதைக் கேட்டபடி போட்டுத் தரும் பையன்களுக்கு அரை. கடலை மாலை மூன்றரைக்கு மேல்தான் சட்டியிலிருந்து இறங்கும். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகளும் வேலை முடிந்து வருகிறவர்களும் சேர்ந்தால் ஐந்தரைக்குள் தீர்ந்துவிடும், பிறகு அலுமாரியில் மிஞ்சுவது வடையும் பணிஸும்தான்.